அணை கட்டினது யார்?

எத்தியோப்பியா தேசத்தில் நீல நைல் நதியின் குறுக்கே கட்டிய பெரிய அணை 2025-ம் வருஷம் செப்டம்பர் 9-ந் தேதி திறக்கப்பட்டது. உயரம் 145 மீட்டர். மின்சார சக்தி 5,150 மெகாவாட். ஆப்பிரிக்காவில் இதைவிடப் பெரிய நீர்மின்சார நிலையம் கிடையாது. இதைக் கட்டினது யார் என்று கேட்டால், "இத்தாலிக் கம்பெனி" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பதில் எவ்வளவு தூரம் சரியென்று யோசித்துப் பார்ப்போம்.

1935-ல் இத்தாலி விஷப்புகையோடு படையெடுத்த தேசம் எத்தியோப்பியா. பீரங்கியோடு வந்தவர்கள் 1941-ல் துரத்தப்பட்டார்கள். ஆனால் 1957 முதல் கண்டிராக்டோடு வந்த சாலினி கம்பெனியோ, வெபில்ட் என்று பெயர் மாறியும் இன்றுவரை அங்கே நிலைத்திருக்கிறது. இதில் மாத்திரம் நாம் குற்றம் காணவில்லை. வேலை தெரிந்தவன் எந்த தேசத்தானானாலும் அவனிடம் வேலை வாங்குவதும் கற்றுக்கொள்வதும் புத்திசாலித்தனமேயாகும்.

நிற்க, கண்டிராக்ட் கொடுத்த விதம் என்ன? 2004-ல் கிபே இரண்டாவது திட்டம், 2006-ல் கிபே மூன்றாவது திட்டம், 2011-ல் இந்தப் பெரிய அணை ஆகிய மூன்றும் போட்டி டெண்டர் இல்லாமலே ஒரே கம்பெனிக்குப் போயின. "தெரிந்த கம்பெனி, வேலை சீக்கிரம் முடியும்" என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். அப்படியானால், 2010 ஜனவரியில் திறந்த கிபே இரண்டின் 26 கிலோமீட்டர் சுரங்கம் இரண்டு வாரத்திற்குள் ஒரு பக்கம் இடிந்து, மாதக் கணக்கில் மூடிக் கிடந்ததே, அது எந்தச் சீக்கிரத்தில் சேர்ந்தது? இரண்டாவது ஆள் விலை சொல்லாத சந்தையில், முதல் ஆள் சொன்ன விலை நியாயமென்று எதைக்கொண்டு அளப்பது?

"சொந்த தேசத்தானுக்கே கொடுத்திருந்தால்?" என்று சிலர் கேட்கலாம். அதையும் பார்த்தாயிற்று. இந்த அணையின் இயந்திர வேலை உள்நாட்டு ராணுவத்தாரின் கம்பெனிக்குத்தான் கொடுக்கப்பட்டிருந்தது. அது தாமதப்பட்டு, 2018-ல் அந்த வேலை அதனிடமிருந்து பிடுங்கப்பட்டது. ஆகவே சங்கதி வெள்ளைத் தோல், கறுப்புத் தோல் என்பதில் இல்லை. கணக்குக் கேட்க ஆள் உண்டா, இல்லையா என்பதில்தான் இருக்கிறது.

கேட்கும் உரிமை யாருக்கு? எகிப்தின் ஆட்சேபணையால் வெளி தேசத்தார் இந்த அணைக்குக் கடன் கொடுக்கத் தயங்கிய காலத்தில், பத்திரம் வாங்கியவர்கள் அத்தேசத்து ஜனங்கள். சர்க்கார் சிப்பந்திகள் ஒரு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். வெயிலில் கல்லும் சிமெண்டும் சுமந்தவர்களும் அவர்களே. அப்படியிருந்தும் அந்த ஜனங்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டில் இன்னும் மின்சார விளக்கு இல்லை. கிபே மூன்று அணையால் ஓமோ நதியின் வெள்ளம் நின்றது. வெள்ளம் வடிந்த ஈரத்தில் சோளம் விதைத்துப் பிழைத்த முர்சி, போடி முதலிய குடிகளுக்கு அந்த விதைப்பு போயிற்று.

பணம் கொடுத்தவனும் பாடுபட்டவனும் நிலம் இழந்தவனும் ஜனங்களாயிருக்க, கட்டினது கம்பெனி என்பதும், கட்டுவித்தது மந்திரி என்பதும் என்ன நியாயம்? கம்பெனி கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்தது, அவ்வளவே. ஆதலால் எந்த தேசத்திலும் அணையோ, ரயிலோ, பாலமோ கட்டினால், மாலை போடுமுன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எத்தனை பேர் விலை சொன்னார்கள்? நம் பிள்ளைகள் எந்த வேலையைக் கற்றார்கள்? முதல் விளக்கு யார் வீட்டில் எரிகிறது?