அறிவு உறங்கும் வேளையில்

 

சில ஆண்டுகளுக்கு முன், மதரஸா விடுதியில் இரவுக் கண்காணிப்பு என் பொறுப்பிலிருந்த காலம். ஹிஃப்ளு வகுப்பில் பயின்ற பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன், பின்னிரவில் எல்லோரும் அயர்ந்து உறங்கும்போது சுவரில் சாய்ந்தபடி விழித்து அமர்ந்திருப்பதைப் பலமுறை கண்டேன். தஹஜ்ஜுதுக்கு எழும் நற்பழக்கம் என எண்ணி உள்ளூர மகிழ்ந்தேன். ஆனால் பகலில் ஓதும்போதே அவன் தலை கவிழ்ந்தது. மனனமான பாடங்களும் தடுமாறின. இருமுறை கடிந்தும் கொண்டேன். உடன் பயில்வோரோ, "அவனுக்கு ஜின் கோளாறு" என்று கிசுகிசுக்கத் தொடங்கிவிட்டனர்.

ஒருநாள் அஸருக்குப் பின் அவனைத் தனியே அழைத்து விசாரித்தேன். நெடுநேரம் தயங்கியவன் மெல்லச் சொன்னான்:

"உறங்கினால் அத்தா வருகிறார்கள், ஹஜ்ரத். நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்தால் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்கள்."

அவனுடைய தந்தை வஃபாத்தாகி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. இறுதியாகத் தொலைபேசியில் பேசியபோது, ஊருக்கு வர வேண்டுமென இவன் அடம் பிடித்திருக்கிறான். தந்தை மறுத்துவிட்டார். ஸலாம்கூடச் சொல்லாமல் இவன் தொலைபேசியை வைத்துவிட்டான். அடுத்த வாரமே மரணச் செய்தி வந்தது.

"அத்தா என்மேல் கோபத்தோடுதான் போனார்களா, ஹஜ்ரத்?"

இக்கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. அதற்காகத் தேடிப் படித்தவற்றைத்தான் இம்மாதம் உங்கள்முன் வைக்கிறேன்.

உறக்கத்துள் ஒரு விழிப்பு

உறக்கம் என்றால் மூளையும் அடங்கி ஓய்வது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1953-ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தின் நதானியேல் கிளைட்மன், அவருடைய மாணவர் யூஜின் அசெரின்ஸ்கி ஆகிய இருவரும் வேறொன்றைக் கண்டறிந்தனர். உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள் விழிகள் சில வேளைகளில் விரைந்து அசைகின்றன. அவ்வேளையில் எழுப்பப்பட்டோரில் பெரும்பாலோர் தெளிவான கனவுகளை எடுத்துரைத்தனர். இதுவே 'விரைவிழி உறக்கம்' எனப்படுகிறது. அப்போது மூளை ஏறத்தாழ விழித்திருப்பவனின் மூளை போலவே இயங்குகிறது. கைகால் தசைகளோ முற்றிலும் தளர்ந்து கிடக்கின்றன. இந்த முரணைக் கருதியே பிரெஞ்சு அறிஞர் மிஷேல் ஜூவே இதனை 'முரண் உறக்கம்' என அழைத்தார்.

ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறையாக இந்நிலை ஓரிரவில் நான்கைந்து தடவை வந்து போகிறது. விடியலை நெருங்க நெருங்க அதன் நேரமும் நீள்கிறது. ஃபஜ்ருக்குச் சற்று முன்னர்க் கண்ட கனவு நினைவில் பளிச்சென நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். உறக்கத்தின் பிற நிலைகளிலும் கனவுகள் தோன்றுவதுண்டு. எனினும் உணர்ச்சி மிக்க நெடுங்கனவுகள் பெரும்பாலும் இந்நிலைக்கே உரியவை.

நீதிபதி இல்லாத வழக்கு மன்றம்

அவ்வேளையில் உள்ளத்தில் நடப்பதென்ன? 1996-இல் பெல்ஜிய நாட்டின் பியர் மாக்கே என்பவரும் அவர்தம் குழுவினரும், உறங்குவோரின் மூளையில் இரத்த ஓட்டம் எங்கே மிகுகிறது, எங்கே குறைகிறது என ஆராய்ந்து வெளியிட்டனர். அச்சம் முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புடைய, பாதாம் பருப்பு வடிவிலான அமிக்டலா என்னும் பகுதி அப்போது மிகுந்த இயக்கத்தில் இருந்தது. சீர்தூக்கி முடிவெடுக்க உதவும் முன்மூளைப் பகுதிகள் சிலவோ இயக்கம் குன்றியிருந்தன.

எண்ணிப் பாருங்கள்! வழக்கு மன்றத்தில் முறையீடு உரத்து ஒலிக்கிறது. நீதிபதியின் இருக்கையோ வெறுமையாக உள்ளது. இறந்தவர் எதிரே வந்து நின்றாலும், 'இவரை அடக்கம் செய்தோமே!' என்று கனவில் நாம் வியப்பதில்லை. வினவ வேண்டிய அறிவு அப்போது ஓய்வில் இருக்கிறது. ஆனால் அந்நேரத்து அச்சம் பொய்யன்று. இதயம் உண்மையாகவே படபடக்கிறது, மூச்சு சீரிழக்கிறது, விழித்தபின் தலையணை நனைந்திருக்கிறது.

உறங்குபவர் விழிக்கும் வரை அவர்மீது பதிவுகோல் உயர்த்தப்பட்டுள்ளது, அதாவது அவர் செயல் குற்றமாக எழுதப்படுவதில்லை என்பது நபிமொழி காட்டும் நெறி. கனவில் செய்த பிழைக்காக விழித்தபின் வெட்கிக் குமைவோர் இதனை நினைவிற் கொள்வார்களாக!

உணர்ச்சியே கரு

எர்னஸ்ட் ஹார்ட்மன் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர், பேரிடர்களில் சிக்கி மீண்டோரின் கனவுகளை ஆராய்ந்தவர். தீ விபத்திலிருந்து தப்பியவரும், பிற கொடுமைகளுக்கு ஆளானவரும், மாபெரும் கடலலை தம்மை அடித்துச் செல்வதாகக் கனவு கண்டதை அவர் எடுத்துக்காட்டினார். நிகழ்ந்தது தீ, கனவில் வந்தது கடல். காட்சி மாறிவிட்டது, திகில் மாறவில்லை. உணர்ச்சியே கரு, காட்சி அதற்கு அணிவிக்கப்பட்ட ஆடை.

இக்கனவுகளால் பயனும் உண்டு போலும். மணமுறிவால் மனம் சோர்ந்தோரைச் சிகாகோவில் ஆராய்ந்த ரோசலிண்ட் கார்ட்ரைட் என்னும் பெண் அறிஞர், முன்னாள் துணைவரைப் பற்றி உணர்ச்சியோடு கனவு கண்டவர்கள் பிற்பாடு நன்கு தேறியதைக் கண்டார். விரைவிழி உறக்கத்தில், மன இறுக்கத்தோடு தொடர்புடைய நார்அட்ரினலின் என்னும் சுரப்பு மிகவும் தாழ்ந்துவிடுகிறது. எனவே கசப்பான நினைவு அமைதியான சூழலில் மீண்டும் புரட்டப்பட்டு, அதன் கூர்மை மழுங்குகிறது என்பர் சில ஆய்வாளர். இது இன்னும் விவாதத்தில் உள்ள கருத்தே. ஆயினும் ஒன்று தெளிவு: அஞ்சி அஞ்சி உறக்கத்தைத் துறப்பவனுக்கு அந்த ஆறுதலும் கிட்டுவதில்லை.

மார்க்கம் காட்டும் நிதானம்

கனவுகள் மூவகை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டியுள்ளார்கள். இறைவனிடமிருந்து வரும் நற்செய்தி ஒன்று; ஷைத்தான் ஊட்டும் கலக்கம் மற்றொன்று; மனிதனின் உள்ளம் தனக்குத்தானே பேசிக்கொள்வது மூன்றாவது. இம்மூன்றாம் வகையைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்! கனவில் பாம்பு வந்ததென்று, பேசி முடித்த திருமணத்தை முறிப்பவர் உண்டு. கனவில் கண்ட முகத்தை வைத்து, சூனியம் செய்தவர் இவரே என்று உறவினர்மீது பழி சுமத்துபவரும் உண்டு. நீதிபதி இல்லாத மன்றத்தில் வாங்கிய தீர்ப்பை நிறைவேற்றத் துடிப்பது எத்தகைய அநீதி!

தீய கனவு கண்டால் இறைவனிடம் பாதுகாவல் தேடவும், மறுபக்கம் திரும்பிப் படுக்கவும், எழுந்து தொழவும், அதனைப் பிறரிடம் பரப்பாதிருக்கவும் நாம் பணிக்கப்பட்டுள்ளோம். ஆயினும் மனநோய்க்கு மருந்து தேடி நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மனம் திறப்பது, கனவை ஊரெங்கும் பரப்புவதாகாது என்பது என் எண்ணம். அச்சக் கனவின் முடிவை விழித்திருக்கும்போதே நல்லதாக மாற்றி, அதனை நாள்தோறும் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சியையும் மருத்துவர்கள் இன்று அளிக்கின்றனர். 2001-இல் வெளியான ஆய்வொன்று அதன் பயனை உறுதி செய்தது.

அந்தச் சிறுவனை மீண்டும் அழைத்தேன். "மகனே! ஸலாம் சொல்லாமல் வைத்துவிட்டோமே என்ற உன் வருத்தம்தான் அத்தாவின் முகத்தைத் திருப்புகிறது. அவர்கள் கோபமாக இருக்கிறார்கள் என்பதற்குக் கனவு சாட்சியாகாது. அன்று உடனிருந்தவர் உன் உம்மா. அவர்களிடம் கேட்டாயா?" என்றேன்.

அவன் கேட்டதே இல்லை! அன்றே அந்தத் தாயாரிடம் பேசச் செய்தேன். மறுமுனையில் அவர் சற்று நேரம் அழுதுவிட்டுச் சொன்னாராம்: "நீ போனை வைத்ததும் அத்தா சிரித்தார்களடா! 'என்னைப் போலவே ரோஷக்காரன்' என்றார்கள்."

கனவு உடனே நின்றுவிடவில்லை. சில வாரங்களுக்குப் பின் கேட்டபோது, "இப்போதும் வருகிறார்கள், ஹஜ்ரத். ஆனால் நான் பயந்து எழுவதில்லை. ஃபஜ்ருக்குப் பின் அவர்களுக்காக துஆ செய்கிறேன்" என்றான்.

பெற்றோரே! நள்ளிரவில் உங்கள் பிள்ளை அலறி எழுந்தால், 'என்ன கண்டாய்?' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பகலில் அவன் நெஞ்சை அழுத்துவது எதுவெனப் பரிவோடு கேளுங்கள். தீக்கனவுகள் விடாது தொடர்ந்தால் மருத்துவரை நாடத் தயங்காதீர்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, மனத்தாங்கலோடு எவரையும் உறங்கச் செல்ல விடாதீர்கள். ஒரு ஸலாம் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அமைதியான உறக்கத்தையும், தெளிந்த விழிப்பையும் தந்தருள்வானாக! ஆமீன்.