மருந்துத் தாளில் ஒரு வரி

மருந்தகத்தில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்துத்தான் அந்த அக்கா வந்தார். பின்னால் கல்லூரி வயது மகன். “தம்பி, மருந்துப் பெட்டியில இருந்த தாளைப் படிச்சிட்டு மூணு நாளா இவன் வலிப்பு மாத்திரையைத் தொடல. தற்கொலை எண்ணம் வருமாமே?”

தாளில் அப்படித்தான் இருந்தது. நான் மறுக்கவில்லை.

அந்த வரி வந்தது 2008இல். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 11 வலிப்பு மருந்துகள் பற்றிய 199 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. ஏறக்குறைய 44,000 பேர். மருந்து எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு நால்வருக்குச் சற்று மேல் தற்கொலை எண்ணமோ முயற்சியோ பதிவானது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் இருவருக்குச் சற்று மேல். ‘இரு மடங்கு’ என்றால் வயிற்றைக் கலக்கும். ‘ஆயிரத்துக்கு இருவர் கூடுதல்’ என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். இரண்டும் ஒரே கணக்குதான்.

அந்தத் தொகுப்பில், மடங்குக் கணக்கில் பார்த்தால், வலிப்பு நோயாளிகளிடம்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் பிரிட்டனில் 50 லட்சத்துக்கும் அதிகமானோரின் பதிவுகளை அலசி 2010இல் வந்த ஆய்வு, வலிப்புக்காக மருந்து எடுத்தவர்களிடம் அபாயம் கூடியதாகக் காணவில்லை. புதிய 5 மருந்துகள் பற்றிய 2021ஆம் ஆண்டுத் தொகுப்பும் கூடியதாகச் சொல்லவில்லை. வலிப்பு நோயே மனச்சோர்வைக் கூட்டிக்கொண்டு வருவதால், எது மருந்தால், எது நோயால் என்று பிரிப்பது லேசில்லை. ஆனாலும் அந்த வரி இருக்கட்டும் என்பதே என் கட்சி. லெவெட்டிராசிட்டம் சிலரைச் சிடுசிடுப்பாக்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அன்று எனக்குப் பயம் வேறு. திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பையனிடம் நேராகவே கேட்டேன்: “சாகணும்னு தோணுதா, தம்பி?” கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி இல்லை.

தலை குனிந்தபடி சொன்னான்: “மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தோணுச்சு, அங்கிள். தாளைப் பார்த்ததும், மாத்திரையாலதான்னு நினைச்சுக்கிட்டேன்.”

அக்கா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் அவனுடைய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். உடனே வரச் சொன்னார். அன்றே மாத்திரை மறுபடி தொடங்கியது, மனநல மருத்துவரையும் பார்த்தார்கள். போன வாரம் அடுத்த மாத மருந்து வாங்க அவனே வந்தான்.

பேச ஆள் தேவைப்படுவோருக்கு: பிஃப்ரெண்டர்ஸ், 03-76272929, 24 மணி நேரமும்.