திரை மடிகிறது, விலை இறங்கவில்லை

மடிப்புத்திரைக் கணினி வந்துவிட்டதால் லேப்டாப்புக்கு விடைகொடுத்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. 2022-இல் வந்த ஆசுஸ் ஸென்புக் 17 ஃபோல்டை விரித்தால் 17.3 அங்குலத் திரை. படம் பார்க்க அருமைதான். தட்டச்சு செய்யத்தான் திண்டாட்டம். வழவழப்பான திரையில் விரலுக்குப் பிடிமானமே கிடையாது. ‘ழ’ எங்கே, ‘ள’ எங்கே என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்க வேண்டும். அதனால் அந்த நிறுவனமே புளூடூத் விசைப்பலகை ஒன்றையும் கூடவே தந்தது. அதைத் திரையின் கீழ்ப்பாதியில் வைத்தால் மிஞ்சுவது 12.5 அங்குலம். சின்ன லேப்டாப்பேதான்! 2022-இல் அதன் இந்திய விலையோ மூன்று லட்சத்துக்கும் மேல். நாள் முழுக்க எழுதுகிறவர்கள் அந்தப் பணத்தில் நல்ல லேப்டாப் ஒன்றும் பெரிய மானிட்டர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். கையில் மிச்சமும் இருக்கும்.