மாப்பிள்ளை முகத்தில் சூடான காபி!

டம்ளருக்கு அடியில் வைக்கிற சின்னத் தட்டுக்கு கோஸ்டர் என்று பெயர். தமிழில் அதற்கு வார்த்தை தேடாதீர்கள், கிடைக்காது. நமக்கு அது தேவைப்படவே இல்லையே சார்! காபிக்கு டபரா இருந்தது. ஆற்றுவதும் அதில்தான், சிந்தினால் பிடிப்பதும் அதுதான். தண்ணீர் டம்ளரைத் தரையில் வைத்தோம். சிமென்ட் தரைக்கு பாலிஷ் போய்விடுமே என்று எந்தத் தாத்தாவும் கவலைப்பட்டதில்லை.

கவலைப்பட்டவர்கள் ஜெர்மனிக்காரர்கள், அதுவும் பீருக்காக. டிரெஸ்டன் நகரத்து ராபர்ட் ஸ்புத் என்பவர் 1892-ல் மரக்கூழை அச்சில் ஊற்றிக் காயவைத்து, ஈரம் உறிஞ்சும் வட்டத் தட்டு செய்தார். அது எங்கெங்கோ சுற்றி, டீப்பாய் வழியாக நம் வீட்டுக்குள் நுழைந்து, இப்போது கல்யாணத் தாம்பூலப் பைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

என் பெரியப்பா பெண்ணுக்குக் கல்யாணம். பெரியப்பா ரிட்டயர்டு வாத்தியார். செலவையெல்லாம் ஒரு நோட்டில் தலைப்பு போட்டு எழுதி வைத்திருந்தார். 'ரிடர்ன் கிஃப்ட்' என்ற தலைப்புக்கு எதிரே 20,000. அதன் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. அந்தக் கோட்டைத் தாண்டினால் அடுத்து கை வைக்க வேண்டியது சமையல் கான்ட்ராக்டில்தான். நான் பி.காம். என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். (எங்கள் குடும்பத்தில் பி.காம். என்றால் பேரம் பேசத் தெரிந்தவன் என்று அர்த்தம். பட்டத்தில் அப்படி எங்கும் போட்டிருக்கவில்லை.)

பாரிமுனையில் தெருவுக்கு ஒரு சரக்கு. துணிக்கு கோடவுன் தெரு, பேப்பருக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் ஆண்டர்சன் தெரு, இந்த மாதிரி ஃபேன்ஸி சாமான்களுக்குக் காசிச் செட்டித் தெரு. எதிரே வருகிற தலைச்சுமைக்காரருக்கு வழிவிட்டு, வழிவிட்டு, ஒரு வழியாக ஒரு கடைக்குள் ஒதுங்கினோம். நாங்கள், கூடவே பெரியப்பா பையன்.

கடைக்காரர் அண்ணாச்சி. நாலு கோஸ்டர் அடங்கிய பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார்.

"பேர், போட்டோ எல்லாம் பிரிண்ட் பண்ணி செட்டு அம்பத்தஞ்சு. ஐநூறு எடுத்தீங்கன்னா நாப்பத்திநாலு."

பெரியப்பா தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். பத்திரிகை 350 வீட்டுக்கு. வருகிறவர்களுக்கு வீட்டுக்கு ஒன்று என்றால் 320 செட் போதும். 320-ஐ 55-ஆல் பெருக்கினால் 17,600. 500-ஐ 44-ஆல் பெருக்கினால் 22,000.

"அண்ணாச்சி, எங்களுக்கு முந்நூத்தி இருபது போதுமே."

"சார், நாலாயிரத்து நானூறு கூடப் போட்டா நூத்தியெம்பது செட்டு ஜாஸ்தி வருது. ஒண்ணு இருபத்தஞ்சு ரூபாகூட விழலை. யோசிங்க."

இதுதான் சார் மொத்த வியாபாரத்தின் மயக்கு மருந்து. அவர் சொன்னதில் ஒரு பொய் இல்லை. பெருக்கிப் பார்த்தால் சரியாகத்தான் வரும். ஆனால் அந்த 180 செட்டை என்ன செய்வது? அக்கவுண்டன்சியில் முதல் வருஷமே சொல்லிக் கொடுப்பார்கள்: கையிருப்புச் சரக்கை அடக்க விலை, விற்கக்கூடிய விலை இரண்டில் எது குறைவோ அதில்தான் மதிப்பிட வேண்டும். ஒரு மணமக்களின் பெயரும் தேதியும் அச்சடித்த கோஸ்டரை இன்னொரு வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு எடுத்துக்கொண்டு போக முடியுமா? விற்கக்கூடிய விலை சைபர். அண்ணாச்சி கோடவுனில் தூங்க வேண்டிய சரக்கு பெரியப்பா வீட்டுப் பரணில் தூங்கும், அவ்வளவுதான். விலை குறைந்ததே அதற்குத்தான்.

சரக்கையும் பார்க்க வேண்டுமே. பக்கத்துக் கடையில் ஜில்லென்று மூன்று ரோஸ்மில்க் வாங்கி, அண்ணாச்சியின் மூன்று சாம்பிள் மேல் கண்ணாடி டம்ளரோடு வைத்தேன். மெட்ராஸ் காற்றில் ஐந்தே நிமிஷத்தில் டம்ளருக்கு நம்மைவிட அதிகமாக வியர்த்தது. அக்ரிலிக் தட்டு ஈரம் உறிஞ்சாமல் டம்ளரின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு மேலே வந்து, பெரியப்பா வாய்க்குப் போகிற நேரத்தில் 'டொப்'பென்று வேட்டியில் விழுந்தது. வெறும் கார்க் ஈரத்தைக் குடித்தது, ஒட்டவில்லை, விலைதான் ஒட்டவில்லை. ஒன்பது வருஷத்துக்கு ஒரு தடவை போர்ச்சுகலில் மரத்துப் பட்டையை உரித்து எடுக்கிற சமாசாரம், சும்மாவா கொடுப்பார்கள்! மூன்றாவது எம்.டி.எஃப்., அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. அடியில் மெல்லிய கார்க். ஓரத்தில் பூச்சு சரியில்லாவிட்டால் தண்ணீர் இறங்கி அப்பளம் மாதிரி உப்பிவிடும். ஷோகேஸ் பீஸை நம்பாமல் கட்டின் நடுவிலிருந்து பத்து எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். பரவாயில்லை.

"சரி, போட்டோவே போட்ருங்க. ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கற போட்டோ" என்றான் பெரியப்பா பையன், செல்போனை நீட்டி.

பெரியப்பா அதுவரை அதிகம் பேசவில்லை. போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டேய், இது மேல என்னத்தடா வைப்பாங்க?"

"காபி டம்ளர்தான்ப்பா."

"எம் பொண்ணு மூஞ்சியில நாலு பேர் சூடா டம்ளரை வைக்கறதுக்கு நான் காசு குடுக்கணுமா?"

கடையே அமைதியாகிவிட்டது. பெண்ணைக் கொடுக்கிற அப்பாவின் குரல் எப்படியிருக்கும் என்று அண்ணாச்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெதுவாகச் சொன்னார்:

"அப்போ மாப்பிள்ளையை மட்டும் போட்ருவோமாய்யா?"

பெரியப்பா சிரித்து நான் பார்த்து ஒரு மாசமாகியிருந்தது. நோட்டை மூடிவிட்டுச் சிரித்தார்.

அதற்கப்புறம் பேரம் சுலபம். ரெடியாக இருந்த கோலம் போட்ட சரக்கு, பெயரும் கிடையாது, போட்டோவும் கிடையாது, செட் 50 ரூபாய். பெயர் அச்சடித்த அட்டையை மட்டும் பெட்டிக்கு மேலே சுற்றிக்கொள்வது என்று முடிவானது. பிரிண்ட் இல்லை என்றதும் நான் கேட்டது ஒன்றே ஒன்று. "மிச்சமானா திருப்பி எடுத்துப்பீங்களா?" அண்ணாச்சி யோசித்து, பத்துப் பத்தாகக் கட்டியதில் கட்டுப் பிரிக்காதது என்றால் சரி என்றார். ஜி.எஸ்.டி. அதற்குள்ளேயே அடக்கமா என்று கேட்டு, பில்லிலேயே 'திரும்பப் பெறப்படும்' என்று எழுதி வாங்கினேன். வாய்வார்த்தை மழைக்கு நிற்காது.

350 செட், 17,500 ரூபாய். அட்டை அச்சடித்ததையும் ஆட்டோவையும் சேர்த்தும் சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றோம்.

கல்யாணம் முடிந்த அடுத்த வாரம், மூன்று கட்டு பிரிக்காமல் மிச்சம். எடுத்துக்கொண்டு நானே போனேன். அண்ணாச்சி முடிச்சுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பில்லை ஒரு தடவை படித்து, 1,500 ரூபாயை எண்ணி என் கையில் வைத்தார்.

"மாப்பிள்ளை சௌக்கியமா?" என்று கேட்டார்.