சக்கரத்தின் மேல் ஒரு படிப்பகம்: 'நாமே செய்வோம்' என்பதில் உள்ள பெருமையும் பொறியும்



யூடியூபில் ஒரு வகைக் காணொளி உண்டு. பழைய கேம்பர் டிரெய்லர் ஒன்றை வாங்கி, உள்ளே இருப்பதை எல்லாம் பிய்த்தெறிந்து, பலகை அறுத்து, படுக்கையும் சமையல் மேடையும் செய்து, கடைசியில் மஞ்சள் விளக்கைப் போட்டுக் காட்டுவார்கள். லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். நாங்களும் பார்த்தோம், பிடித்தும் இருந்தது. ஆனால் பார்க்கும்போதே ஒரு கேள்வி உறுத்தியது. ஒருவர் ரம்பம் பிடித்தால் அது கலை, பொழுதுபோக்கு, சுதந்திரம். அதே ரம்பத்தை அம்பத்தூர்ப் பட்டறையில் நம் அப்பா பிடித்தால் அது 'கூலி வேலை'. கருவி ஒன்றுதான், வேலையும் ஒன்றுதான். பிடித்திருக்கும் கை யாருடையது என்பதை வைத்து அதன் மரியாதை மாறுகிறது.

இந்தக் கேள்வியை நாங்கள் புத்தகத்தில் தேடவில்லை. ஆவடிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு காலனியில், எஞ்சின் இல்லாத ஒரு பழைய மினி பஸ்ஸின் கூட்டைப் படிப்பகமாக மாற்றியபோது அது எங்கள் முன்னால் வந்து நின்றது. அந்த மூன்று மாத அனுபவத்தையும், அதிலிருந்து நாங்கள் வந்தடைந்த கருத்தையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில், ஏன் பஸ்? கட்டடம் கட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிலம் எங்கே? காலனியில் ஒவ்வொரு வீடும் பத்துக்குப் பத்து. பத்தாம் வகுப்புப் பிள்ளை படிக்கிற அதே இடத்தில்தான் சமையலும் டி.வி.யும் பாட்டியின் கட்டிலும். பொது இடம் என்று இருப்பது புறம்போக்கு. அதில் நான்கு செங்கல் வைத்தால் மறுவாரம் 'ஆக்கிரமிப்பு' என்று நோட்டீஸ் வரும். சக்கரம் உள்ள ஒன்றை, வேண்டாம் என்றால் தள்ளிக்கொண்டு போகலாம்.

இந்த நிலமின்மை இயற்கையாக வந்ததில்லை. ஆவடி அன்றைக்கு அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கைதான் பஞ்சமி நிலங்களுக்குக் காரணமானது. 1892-இல் அரசாணை வந்தது. நூறு ஆண்டுகள் கழித்து, கைமாறிப்போன அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்காக 1994-இல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நிலம் இருந்திருந்தால் எங்கள் பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து படிக்க வேண்டிய அவசியம் வந்திருக்காது. இதை மறந்துவிட்டு அந்தப் பஸ்ஸின் அழகைப் பற்றி மட்டும் பேசுவது பொய்யாகிவிடும்.

வண்டியில் நூலகம் என்பதும் புதிதில்லை. 1931-இல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் கிளம்பியது. நூலகவியலின் ஐந்து விதிகளை அதே ஆண்டில் வெளியிட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் அதன் பின்னால் இருந்தார். நாங்கள் மாட்டுக்குப் பதில் காயலான் கடைக்குப் போனோம், அவ்வளவுதான்.

இனி வேலை. இதைச் செய்ய நினைக்கும் தோழர்களுக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

சாலையில் ஓடும் வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதனால் எஞ்சினும் கியர் பாக்ஸும் கழற்றப்பட்டு, பதிவு ரத்தான கூட்டையே தேடி வாங்கினோம். ரத்தான தாளின் நகல் இன்றும் எங்கள் கோப்பில் இருக்கிறது. நம் பெயரில் ஒரு வழக்கு விழ ஒரு தாள் குறைந்தால் போதும், இதை மறக்காதீர்கள்.

சீட்டுகளைக் கழற்றியதும் தரைப் பலகை கையோடு வந்தது. பல வருட மழைத் தண்ணீர் ஜன்னல் ரப்பர் வழியாகவும் கூரையின் ரிவெட் ஓட்டைகள் வழியாகவும் இறங்கி, பலகையை ஊற வைத்திருந்தது. பலரும் செய்யும் தவறு, மேலே புதுப் பலகை போட்டு மூடிவிடுவது. அடியில் துரு தின்றுகொண்டே இருக்கும். நாங்கள் எல்லாவற்றையும் பிரித்து, கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்தோம். கூரை ஒழுகலை அடைத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகுதான் உள்வேலையைத் தொட்டோம். 12 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்டைத் தரைக்குப் போட்டு, அடியில் உள்ள இரும்புச் சட்டத்தோடு போல்ட் வைத்து முடுக்கினோம். டயர் பாரம் தாங்காமல் வெடிக்கும் என்பதால் அச்சுக்கு அடியில் கான்கிரீட் கட்டைகள்.

வெயில்தான் பெரிய எதிரி. சித்திரையில் தகரக் கூரைக்குள் உட்கார முடியாது. உட்பக்கம் தெர்மாகோல் ஒட்டலாம் என்றார் ஒருவர், மேலே கீற்றுப் போடலாம் என்றார் இன்னொருவர். இரண்டையும் மறுத்தோம். 2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகியது கீற்றுக் கூரைக்கு அடியில்தான். ஏழைப் பிள்ளைகளுக்கு இது போதும் என்ற நினைப்புதான் அந்தக் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்தது. அந்த நினைப்பு நம் கையாலும் வரக்கூடாது. கூரைக்கு ஓரடி மேலே இரும்புச் சட்டம் கட்டிப் பச்சை வலை விரித்தோம். இடையில் காற்று ஓடுகிறது. பின்பக்க அவசர வழியைச் சரிசெய்து, வெளியேற இரண்டு வாசல் வைத்தோம். வெளிச்சத்துக்கு ஒரு சோலார் தகடு, 12 வோல்ட் பேட்டரி, எல்.ஈ.டி. விளக்குகள். ஒவ்வொரு இணைப்புக்கும் ஃபியூஸ்.

இங்கேதான் அந்தக் கேள்வி வந்தது.

எங்களில் பெரும்பாலோர் பட்டதாரிகள். ஒரு தோழரின் அப்பா அம்பத்தூரில் வண்டிப் பாடி கட்டும் பட்டறைகளில் முப்பது வருடம் டிங்கர் வேலை பார்த்தவர். மகன் ஜி.ஐ. ஷீட் அறுப்பதைப் பார்த்துவிட்டு வந்து நின்றார். "இந்தக் கையப் பாரு. உன் கை இப்படி ஆவக்கூடாதுன்னுதான் கடன் வாங்கிப் படிக்க வெச்சேன். எம்.ஏ. முடிச்சிட்டு நீ வந்து ரம்பத்தப் புடிச்சினு நிக்கிற." சொல்லிவிட்டுப் போய்விட்டார். யாருக்கும் பேச்சு வரவில்லை.

'உழைப்பின் கண்ணியம்' என்று அவருக்கு வகுப்பெடுக்க நாங்கள் துணியவில்லை. காரணம், அந்தச் சொற்றொடர் நம்மிடம் எப்படி வந்தது என்பது நமக்குத் தெரியும். மலம் அள்ளுவது புனிதமான சேவை என்று அள்ளாதவர்கள் போதித்தார்கள். அந்தப் போதனை தீண்டப்படாதவர்களை அந்தத் தொழிலிலேயே கட்டிப்போடும் தந்திரம் என்று 1945-இல் வந்த தம் நூலில் அம்பேத்கர் காங்கிரசையும் காந்தியையும் நோக்கிக் கடுமையாக எழுதினார். அதற்கு முன்பே 1936-இல், 'சாதி ஒழிப்பு' உரையில், சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்று காட்டியிருந்தார். ஆகவே பிரச்சினை ரம்பத்தில் இல்லை. ரம்பத்தைக் கீழே வைக்கும் உரிமை ஒருவருக்கு இருக்கிறதா என்பதில் இருக்கிறது. யூடியூப்காரர் அலுத்தால் வைத்துவிடுவார். அந்த அப்பாவால் முப்பது வருடமும் வைக்க முடியவில்லை. அவர் கோபம் தன் தொழிலின் மீதான வெறுப்பு என்று நாங்கள் முதலில் நினைத்தோம். தப்பு. தேர்ந்தெடுக்க விடாத வாழ்க்கையின் மீதான கோபம் அது.

நான்கு நாள் கழித்து அவரே வந்தார். நாங்கள் மாட்டிய கதவு மூடவில்லை. நசுங்கிய பக்கத்தை ஓங்கி ஓங்கி அடித்து இன்னும் கெடுத்திருந்தோம். "அடிக்கக் கூடாது. தட்டணும். பின்னாடி இரும்புக் கட்டைய வெச்சிக்கினு மெதுவா ஓரத்துலேர்ந்து தட்டினு வரணும்" என்றார். அரை மணி நேரத்தில் கதவு உட்கார்ந்தது. சமூகவியலில் முதுகலை முடித்த எங்களில் யாருக்கும் தெரியாத ஒன்று அவர் விரலில் இருந்தது. ஐம்பது டன்னுக்கு மேல் எடையுள்ள அர்ஜுன் டாங்கியைக் கட்டுகிற ஊர் ஆவடி. இந்தப் பகுதியின் ஒவ்வொரு தெருவிலும் இப்படிப்பட்ட அறிவு உண்டு. அதற்குப் பட்டமும் இல்லை, பெயரும் இல்லை.

அன்றிலிருந்து வேலை முடியும்வரை அவருக்குப் பட்டறைக் கூலியையே நாள் கணக்கில் கொடுத்தோம். 'நம்ம காலனி வேலைதானே' என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஊருக்கு நம் தாத்தாக்கள் செய்த கூலியில்லா உழைப்புக்கு வெட்டி என்று பெயர். சமூக சேவை என்ற பெயரில் நம் ஆட்களிடமே நாம் வெட்டி வாங்கக் கூடாது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை தொடங்கிய மூன்றாம் நாள் பார்த்தால், பெண் தோழர்கள் கையில் விளக்குமாறும் டீ ஃபிளாஸ்க்கும், ஆண்கள் கையில் ட்ரில் மிஷின். யாரும் திட்டமிடவில்லை. சாதியும் அப்படித்தான், யாரும் திட்டமிடாதது போலவே நடக்கும். ஒரு தோழி சத்தம் போட்ட பிறகு முறை வைத்து மாற்றினோம். புத்தக அலமாரிகள் முழுவதையும் பெண்கள்தான் மாட்டினார்கள்.

பெட்டியாகவும் பயன்படும் பெஞ்சுகள், சுவரோடு மடியும் மேசைகள். ஒரே நேரத்தில் பதினான்கு பேர் படிக்கலாம். திறந்த முதல் வாரம் ஓர் அலுவலர் வந்தார். சுற்றிப் பார்த்தார், செல்ஃபி எடுத்தார், மனதாரப் பாராட்டினார். பிறகு சொன்னார்: "நீங்களே இவ்வளவு அருமையா பண்ணிட்டீங்களே, அப்புறம் எதுக்குங்க கட்டடம் கேட்டு மனு?"

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

'நாமே செய்வோம்' என்பதில் இப்படி ஒரு பொறி இருக்கிறது. நம் உழைப்பு, அரசு தன் கடமையிலிருந்து கழன்றுகொள்ள ரசீதாக மாறிவிடும். இன்னொரு பகுதியில் மாடிக் கட்டடத்தில் மின்விசிறியோடு நூலகம் வரும். நமக்குப் பழைய பஸ்ஸும் பாராட்டும். 1955-இல் இதே ஆவடியில்தான் சோஷலிச மாதிரிச் சமுதாயம் அமைப்போம் என்று காங்கிரஸ் மாநாடு தீர்மானம் போட்டது. எழுபது ஆண்டுக்குப் பிறகும் இங்கே ஒரு பிள்ளை படிக்க இடம் தேடுகிறது.

நாங்கள் கேட்பது பிச்சை இல்லை. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வாடகை கொடுப்பவரும் அதை மறைமுகமாகச் செலுத்துகிறார். அயோத்திதாசப் பண்டிதர் குடியிருப்புகள் மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று அரசே அறிவித்திருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான துணைத் திட்ட நிதியை முறைப்படுத்த 2024-இல் சட்டமும் வந்துவிட்டது. உங்கள் குடியிருப்புக்கு அதில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நாங்கள் அந்த மனுக்களை எழுதியது பஸ்ஸின் மடக்கு மேசையில்தான்.

அந்த அலுவலருக்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியாமல் சிரித்து வைத்தோம். இப்போது பதில் இருக்கிறது. கட்டடம் வரும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது, அதனால் பஸ். பஸ் வந்துவிட்டது என்பதால் கட்டடத்தை விட்டுவிட முடியாது, அதனால் மனு.

ஆகவே தோழர்களே, கருவியை எடுங்கள். கற்றுத் தருபவருக்குக் கூலி கொடுங்கள். செய்து முடித்த மறுநாள் மனுவையும் எழுதுங்கள். கதவைச் சரிசெய்த அந்த அப்பா மாலையில் பஸ்ஸின் படியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். உள்ளே அவர் பேத்தி கணக்குப் போடுகிறாள். அவள் நாளைக்கு ரம்பத்தை எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். அதை அவளே முடிவு செய்யட்டும்.

ஜெய்பீம்!