பறைக்கு விருது வந்தது, மறுக்கும் உரிமை வந்ததா?

அலங்காநல்லூர் என்றால் எல்லோருக்கும் ஜல்லிக்கட்டுதான் நினைவுக்கு வரும். 2025 குடியரசு தினத்தையொட்டி அந்த ஊர் வேறொரு காரணத்துக்காகப் பேசப்பட்டது. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு ஒன்றிய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. 'சாவு மேளம்' என்று காலங்காலமாக ஒதுக்கிவைத்த கருவிக்கு இப்படியொரு மரியாதை கிடைத்ததில் நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால், அந்த மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். ஊரில் ஒரு கேதம் விழுந்தால், வந்தே தீர வேண்டும் என்று காலனிக்கு ஆள்விட்டுக் கூப்பிடும் வழக்கம் ஒழிந்துவிட்டதா?

பறை விஷயத்தில் நம் மக்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. பறை நம்மீது சுமத்தப்பட்ட இழிதொழில், அதை விட்டொழிப்பதே விடுதலை என்பது ஒன்று. தென்னார்க்காட்டில் எல்.இளையபெருமாள் காலத்தில் சாவுக்குப் பறையடிக்க மறுத்துப் போராடியவர்கள் இந்த வழியில் நின்றார்கள். பறை நம் முன்னோரின் கலை, அதைத் தலைநிமிர்ந்து அடிப்பதே விடுதலை என்பது மற்றொன்று. விருது வந்ததும் இரண்டாவது தரப்பு வென்றுவிட்டதாகச் சிலர் பேசுகிறார்கள். நாம் அப்படிப் பார்க்கவில்லை. இரண்டு தரப்பும் கேட்பது ஒன்றைத்தான். அடிப்பதா வேண்டாமா என்பதை அடிப்பவரே முடிவு செய்ய வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ளப் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைப் பார்த்தால் போதும். 1930களின் தொடக்கத்தில் அங்கே ஆதிதிராவிடர்கள்மீது ஆதிக்கச் சாதியினர் தடைகளின் பட்டியலொன்றை விதித்தார்கள். எதை உடுத்துவது, எதை அணிவது என்பதில் தொடங்கிய அந்தப் பட்டியலில், தங்கள் சொந்தத் திருமணத்துக்கு மேளம் வைக்கக் கூடாது என்பதும் இருந்தது. ஊர்ச் சாவுக்கு அடிக்கச் சொல்லிக் கட்டளை, வீட்டுக் கல்யாணத்துக்கு இசையே கூடாது என்று தடை. இசை தீட்டானது என்பதல்ல அங்கே பிரச்சினை. யார் சொல்லி யார் வாசிப்பது என்பதுதான்.

அந்தப் பழைய மாவட்டத்தின் இளையான்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்தான் கே.ஏ.குணசேகரன். நாட்டுப்புறப் பாடகராகவும் ஆய்வாளராகவும் வளர்ந்து, 'பலி ஆடுகள்' நாடகத்தின் வழியாகத் தமிழில் தலித் அரங்குக்கு அடித்தளமிட்டார். 'தன்னானே' கலைக்குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். 2016 சனவரியில் அவர் மறைந்தார். மதுரை அரசரடியில் உள்ள இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, நம் மக்களின் மெட்டுகளையும் தாளங்களையும் வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். 'பரட்டை' என்ற பெயரில் பாட்டுக் கட்டியவர் அவர். திண்டுக்கல்லில் 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழு, ஆண்களுக்கே உரியது என்றிருந்த பறையைத் தலித் இளம்பெண்களின் கையில் கொடுத்தது.

ஒளிப்படத்திலும் இந்த வேலை நடக்கிறது. மதுரையைச் சேர்ந்த எம்.பழனிக்குமார், கையால் மலம் அள்ளும் தொழிலையும் சாக்கடைக் குழிகளில் இறந்தவர்களின் குடும்பங்களையும் ஆண்டுக்கணக்கில் படமெடுத்து வருகிறார். திவ்யபாரதி இயக்கி 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவும் அவருடையது. அந்தப் படத்தைப் பல இடங்களில் திரையிட விடாமல் காவல்துறை தடுத்ததை நாம் மறக்கவில்லை. வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரன், கொரோனா ஊரடங்கில் வீடு திரும்பித் தம் குடும்பத்தையே படமாக்கினார். நம் வாழ்வை வெளியாள் வந்து பரிதாபத்தோடு எடுத்த படங்களை நிறையப் பார்த்திருக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை எடுத்தால் அதே வீடு வேறுமாதிரி தெரிகிறது.

பாட்டு, நாடகம், ஒளிப்படம் என்று துறைகள் வேறானாலும் இவர்கள் யாரும் இன்னொருவர் கட்டளைக்குக் கலை செய்யவில்லை. எதைச் சொல்வது, யாருக்குச் சொல்வது என்பதைத் தாங்களே தீர்மானித்தார்கள். தென்மாவட்டங்களின் தலித் கலையை அளக்க விருதைவிட இதுவே சரியான அளவுகோல்.

இந்த அளவுகோலை வைத்து இன்றைய நிலையைப் பார்த்தால் கவலைதான் மிஞ்சுகிறது. அரசு விழாவோ கட்சி விழாவோ, பறை இல்லாமல் இப்போது நடப்பதில்லை. ஆனால், பறைக்குழுவை நிறுத்துவது வாசலில். பிரமுகர் காரைவிட்டு இறங்கி மேடையேறும்வரை வெயிலில் நின்று அடிக்க வேண்டும். அவர் உட்கார்ந்ததும் 'போதும்' என்று கையைக் காட்டுவார்கள். சாவு வீட்டு வாசலிலிருந்து விழாப் பந்தல் வாசலுக்கு நகர்ந்ததைத்தான் வளர்ச்சி என்கிறார்களா?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினரைக் கட்டாய வேலை வாங்குவதைக் குற்றம் என்கிறது. 2016 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், சமூகப் புறக்கணிப்பையும் அப்படிப் புறக்கணிப்போம் என்று மிரட்டுவதையும் குற்றமாக்கியது. 'பறையடிக்க வராவிட்டால் வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது' என்று சொன்னால் அது ஊர் வழக்கமல்ல, வழக்குப் போட வேண்டிய குற்றம். புகார் வந்தால் காவல் நிலையத்தில் 'பேசி முடித்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பிவிடாமல் வழக்குப் பதிய வேண்டும்.

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கான நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. அதில் பதிவு செய்யும் முகாமை மாவட்டத் தலைநகரில் மட்டும் வைத்தால் போதாது, காலனிக்கே கொண்டுவர வேண்டும். கலை பண்பாட்டுத் துறை நடத்தும் விழாக்களில் பறைக்குழுவுக்கு வாசல் வரவேற்பு மட்டும் போதாது, முழு நிகழ்ச்சி நேரம் வேண்டும். பேசிய ஊதியம் இடைத்தரகர் இல்லாமல் கலைஞரின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். மதுரையில் நம் ஒளிப்படக் கலைஞர்களின் படங்களை மக்கள் வந்து பார்க்க நிலையான அரங்கு ஒன்று வேண்டும்.

நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. விரும்பினால் பறையைக் கற்றுக்கொள்ளுங்கள், நன்றாகவே கற்றுக்கொள்ளுங்கள். விருப்பமில்லாத அண்ணன் தம்பியை 'கலையைக் கைவிட்டவன்' என்று பழிக்காதீர்கள். அவர் மறுத்ததாலேயே ஊரில் நெருக்கடி வந்தால், முதல் ஆளாக அவர் பக்கம் போய் நில்லுங்கள்.