சர்டிபிகேட்டில் ஒரு மதம், நெஞ்சில் ஒரு மதம்

மானாமதுரையிலிருந்து விருதுநகர் செல்லும் ரயில் பாதையில், திருச்சுழிக்கு முன்னதாக வரும் ஊர் நரிக்குடி. கண்ணுக்கெட்டிய மட்டும் சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கும் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் மிளகாயும் பருத்தியும். அதுவும் பொய்த்தால் கருவேலை வெட்டி, மூட்டம் போட்டுக் கரி சுடுவதுதான் கதி. 2018-இல் மத்திய சர்க்கார் நாடெங்கும் பின்தங்கிய ஜில்லாக்களைப் பொறுக்கியெடுத்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இரண்டே ஜில்லாக்கள் அப்பட்டியலில் இடம் பெற்றன. ஒன்று இராமநாதபுரம். மற்றொன்று, நரிக்குடி அடங்கிய விருதுநகர்.

இத்தகைய சீமையில் ஒரு குடும்பம் தலைநிமிர வேண்டுமானால் பிள்ளைகளில் ஒருவனாவது சர்க்கார் உத்தியோகத்தில் அமர வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. உத்தியோகத்துக்கு மனுப்போட ஜாதிச் சர்டிபிகேட் வேண்டும். ஆதிதிராவிட வகுப்பில் பிறந்து கிறிஸ்தவனாக வளர்ந்த ஒரு வாலிபனின் நேர்மைக்கு முதல் சோதனை அந்தக் காகிதத்தில்தான் வருகிறது. மதுவும் சூதும் வாலிபரைக் கெடுக்கும் என்று பிரசங்க மேடையில் அடிக்கடி கேட்கலாம். தாசில்தார் ஆபீஸ் வாசலில் நேரும் இந்தச் சோதனையைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு.

இந்தப் பக்கத்துக்குக் கிறிஸ்தவம் புதிதன்று. அமெரிக்கன் மதுரை மிஷன் 19-ஆம் நூற்றாண்டிலேயே மண்டபசாலையில் தங்கி, சுற்றுவட்டாரத்தில் பள்ளிகளையும் சபைகளையும் ஏற்படுத்தியது. அதற்கும் முன்னால், ஓரியூரில் 1693-இல் அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ பாதிரியார் தலை வெட்டுண்டு மாண்டார். அதற்குக் காரணமாக இருந்ததே ஓர் இளைஞனின் மத மாற்றம்தான். மறவர் குலத்துத் தடியத்தேவன் ஞானஸ்நானம் பெற்றதும், ஒருத்தியை மட்டும் மனைவியாக வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கினான். விலக்கப்பட்டவருள் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவுக்காரி. அவள் சேதுபதியிடம் முறையிட்டாள், வினை முற்றியது. தடியத்தேவன் செய்தது நேர்மையான காரியம் என்றே சரித்திரம் சொல்லும். ஆனால் அதன் விலையை அவனைவிட அதிகமாகக் கொடுத்தவர்கள் அந்தப் பெண்களும் குருவும் அன்றோ? ஒருவர் எடுக்கும் முடிவுக்கு மற்றொருவர் விலை கொடுப்பது இன்றும் ஓயவில்லை. இப்போது அது ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில் விழுகிறது.

இரண்டு பெயர்கள்

ஒரு வாலிபனைக் கற்பனை செய்து கொள்வோம். கோயிலில் அவனுக்கு இட்ட பெயர் யோவான். பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவன் முருகன். முதல் வகுப்பில் சேர்க்கப் போன தகப்பன், தலைமையாசிரியர் கேட்டதும் மதம் ‘இந்து’ என்று சொல்லி வைத்தான். பையனின் பிற்கால நன்மையை உத்தேசித்துத்தான் சொன்னான். அந்த ஒரு சொல் மாற்றுச் சர்டிபிகேட்டில் ஏறி, அதிலிருந்து ஜாதிச் சர்டிபிகேட்டுக்குத் தாவி, சர்வீஸ் கமிஷன் மனு வரை உடன் வருகிறது. முருகனுக்கு 22 வயதாகும்போது, தான் சொல்லாத ஒரு பொய்க்குத் தானே கையெழுத்துப் போட வேண்டிய நிலை. ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்று மனுவின் அடியில் அச்சடித்திருக்கிறதே, அதன் கீழே.

அவன் ஏன் உண்மையை எழுதக்கூடாது? எழுதினால் என்ன போகும் என்பதைச் சட்டம் சொல்கிறது. 1950 ஆகஸ்டில் ஜனாதிபதி பிறப்பித்த உத்தரவின்படி, இந்து மதத்தினர் மட்டுமே தாழ்த்தப்பட்ட வகுப்பினர் பட்டியலில் இருக்க முடியும். 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் திருத்தத்தால் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் வெளியிலேயே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவன் பிற்பட்ட வகுப்பினனாகக் கணக்கிடப்படுகிறான். 18 சதவீத ஒதுக்கீட்டை விட்டு, 26.5 சதவீதப் பிரிவுக்குள் வந்து, தலைமுறை தலைமுறையாக நிலமும் வியாபாரமும் உள்ள ஜாதிகளோடு ஓட வேண்டும். தனித் தொகுதியில் நிற்க முடியாது. பஞ்சாயத்துத் தலைவர் பதவி அவன் வகுப்புக்கு ஒதுக்கப்பட்டிருந்தாலும் அவனுக்கு இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் மதம் மாறியவருக்கு இல்லையென்று 2025-இல் ஆந்திர ஹைகோர்ட் கூறிவிட்டது. ஊர்க்காரன் அவனை அடிக்கும்போது பைபிளைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்?

உண்மை சொல்லி நஷ்டப்பட்டவருக்கு நாடறிந்த உதாரணம், சென்னையில் ரத்தன் பஜார் முனையில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒரு தொழிலாளி. ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரானவர். ரோட்டோரம் உட்கார்ந்து தொழில் செய்வோருக்குச் சர்க்கார் இலவசமாகப் பெட்டிக்கடைகளைக் கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்துச் சகாக்களுக்குக் கிடைத்தது, இவருக்கு இல்லை. அதே தெரு, அதே வெயில், அதே ஊசி. அவர் மதத்தை மறைத்துப் பெட்டிக்கடையை வாங்கிக்கொள்ளவில்லை. வழக்குத் தொடுத்துச் சுப்ரீம் கோர்ட் வரை சென்றார். ‘சூசை வழக்கு’ என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படுவது அதுதான். 1985 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பின்னும் ஜாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று கூறி, மனுவைத் தள்ளிவிட்டது கோர்ட். செருப்புத் தைக்கும் ஒருவர் எங்கே போய் ஆதாரம் திரட்டுவார்? 2007-இல் அறிக்கை தந்த நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா கமிஷன், பட்டியலையும் மதத்தையும் பிரித்துவிடலாம் என்று சிபாரிசு செய்தது. அது சட்டமாகவில்லை.

மறைத்தால் மட்டும் பிழைக்க முடியுமா?

ஆகவே வீட்டுப் பெரியவர்கள் வாலிபனுக்குச் சொல்லும் புத்தி பெரும்பாலும் ஒன்றுதான்: “காகிதத்தில் என்ன இருந்தால் என்ன தம்பி, கர்த்தர் உள்ளத்தையல்லவா பார்க்கிறார்?” அந்தப் பேச்சில் பாசம் உண்டு, விவேகம் இல்லை. ஏனென்றால் அந்தக் காகிதத்தைக் கர்த்தருக்குப் பின்னால் விழிப்புக் குழுவும் பார்க்கிறது.

2024 நவம்பர் 26-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கை முடித்தது. புதுச்சேரியில் எழுத்தர் வேலைக்குத் தேர்வான ஒரு பெண், இந்துத் தகப்பனுக்கும் கிறிஸ்தவத் தாய்க்கும் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் பெற்றவர். கோயிலுக்கு ஒழுங்காகப் போய் வந்தவர். தாழ்த்தப்பட்ட வகுப்புச் சர்டிபிகேட் கேட்டார். நீதிபதிகள் பங்கஜ் மித்தலும் ஆர். மகாதேவனும் மறுத்தனர். நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் ஒரு மதத்தைச் சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவதாகும் என்று அவர்கள் கடுமையாகக் குறிப்பிட்டனர். பொய்ச் சர்டிபிகேட்டால் பெற்ற வேலை எத்தனை வருஷம் பார்த்திருந்தாலும் நிலைக்காது என்று 2017-லேயே அதே கோர்ட் கூறியிருக்கிறது. தலையில் நரை விழுந்து, பெண் பிள்ளைக்கு வரன் பார்க்கும் வயதில் உத்தியோகம் போவது எப்பேர்ப்பட்ட இடி!

அதைவிடக் கொடியது, தினமும் நடக்கும் சிறு சிறு ஒளிவுகள். முருகன் கலியாணம் செய்ய வேண்டும். கோயிலில் செய்வதானால் ஓலை வாசிக்க வேண்டும். பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். 1872-ஆம் வருஷத்துக் கிறிஸ்தவ விவாகச் சட்டப்படி அந்தப் பதிவு சர்க்காரின் பதிவாளருக்கும் போகிறது. பயந்துபோய் மண்டபத்தில் முடித்துவிட்டு, குருவானவரை வீட்டுக்கு அழைத்து ஜெபம் மட்டும் செய்யச் சொல்லலாம். தகப்பனார் இறந்தால் என்ன செய்வது? கல்லறைப் பதிவேடும் ஒரு சாட்சிதானே. கேரளத்துத் தேவிகுளம் தனித் தொகுதியில் 2021-இல் வென்ற தமிழர் ஏ. ராஜாவின் தேர்தலைக் கேரள ஹைகோர்ட் 2023 மார்ச்சில் ரத்துச் செய்தபோது, கோயிலின் குடும்பப் பதிவேட்டையும் அவரது கலியாணப் படங்களையும்கூட எடுத்துப் பார்த்தார்கள். 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அத்தீர்ப்பை மாற்றி, ராஜாவின் தேர்தல் செல்லும் என்றது. இடையில் கழிந்த இரண்டு வருஷங்களும் ஒரு மனிதனின் வீட்டுப் படங்கள் கோர்ட்டில் விவாதப் பொருளாக இருந்தன.

பொய் எது, பொய்யல்லாதது எது

இதைக் கொண்டு, ‘இந்து’ என்று எழுதிய கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் பொய்யர்கள் என்று முடிவு கட்டுவது அநியாயம். இராமநாதபுரம் ஜில்லாவில் ஒரு பெண் டாக்டர், பள்ளர் வகுப்பைச் சேர்ந்த இந்து, கிறிஸ்தவரை மணந்தவர். கணவருடன் கோயிலுக்குப் போனார். கிளினிக் சுவரில் சிலுவை தொங்கியது. அதிகாரிகள் 2013-இல் அவரது ஜாதிச் சர்டிபிகேட்டை ரத்துச் செய்துவிட்டனர். 2021 அக்டோபரில் சென்னை ஹைகோர்ட் அந்த உத்தரவைத் தூக்கியெறிந்தது. கோயிலுக்குப் போவதாலேயே ஒருவர் தமது மதத்தைக் கைவிட்டதாகாது என்று கூறி, அதிகாரிகளின் குறுகிய புத்தியையும் கண்டித்தது.

நாகபுரியில் பௌத்தம் தழுவிய ஒருவரது தேர்தல் வழக்கில், 1960-களிலேயே சுப்ரீம் கோர்ட் இதற்கு ஓர் அளவுகோல் சொல்லியிருக்கிறது. ஒரு மதத்தைத் தழுவுவது என்றால் அதை உலகறியச் செய்வது, மனத்துக்குள் வைத்திருப்பதன்று. கோலார் தங்கவயல் தனித் தொகுதியில் எஸ். ராஜகோபால் என்பவரின் கதை இதற்கு நல்ல விளக்கம். கிறிஸ்தவர் என்று தீர்மானித்து 1967-இல் அவர் பெற்ற வெற்றியைச் செல்லாதென்றார்கள். அவர் பிற்பாடு இந்து மதத்துக்குத் திரும்பி, ஆதிதிராவிட மக்களும் அவரை ஏற்றுக்கொண்டதால், 1972-இல் பெற்ற வெற்றி செல்லும் என்றார்கள். போனதும் வெளிப்படை, வந்ததும் வெளிப்படை.

ஆக, ஞானஸ்நானம் பெறாமல் ஆலய வாசலில் நிற்கும் வாலிபன் தன்னை இந்து என்று எழுதினால் அதில் பொய்யில்லை. ஞானஸ்நானம் பெற்று, திருவிருந்தில் பங்குபெற்று, வாலிபர் சங்கத்தில் செயலாளராகவும் இருந்துகொண்டு ‘இந்து’ என்று கையெழுத்திடுகிறவனுடைய கதை வேறு. அவன் மனுப்போடும் முன்னரே நின்று யோசிக்க வேண்டும். வேலை கிடைத்த பிறகு வரும் நேர்மைக்கு விலை பத்து மடங்கு. கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கான பிற்பட்ட வகுப்புச் சர்டிபிகேட்டைத் துணைத் தாசில்தாரிடம் பெறலாம். எத்தனை தலைமுறைக்கு முன் மதம் மாறியிருந்தாலும் அது பொருந்தும். ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகையையும் மாணவர் விடுதியையும் தமிழ்நாடு சர்க்கார் அவர்களுக்கு நிறுத்தவில்லை. இது தெரியாமலேயே பயந்து ஒளிகிற குடும்பங்கள் உண்டு. போவது பெரிதுதான், எல்லாமே போய்விடுவதில்லை.

சபைகளின் பங்கு என்ன? உண்மை பேசு என்று வாலிபனுக்குச் சொல்லும் உரிமை, ஜாதியைத் தன் வாசலுக்கு வெளியே நிறுத்திய சபைக்கே உண்டு. விழுப்புரம் பக்கம் எறையூரில், கோயிலில் சம உரிமை கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் 2008 மார்ச்சில் மூண்ட கலவரத்தில் போலீஸ் சுட்டு இருவர் இறந்தனர். செத்தவர்களுக்கும் தனித்தனிக் கல்லறை இருந்த ஊர் அது. சர்க்கார் ‘நீ கிறிஸ்தவன், உனக்கு ஜாதி இல்லை’ என்கிறது. கல்லறைத் தோட்டமோ ‘உனக்கு ஜாதி உண்டு’ என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் 22 வயதுப் பையனிடம் போய் நேர்மை உபதேசம் செய்வது எளிது. சபை தன் சொத்திலிருந்து அவனுக்குப் போட்டிப் பரீட்சைப் பயிற்சியும் புத்தகமும் கொடுத்துவிட்டு உபதேசித்தால் அவன் காது கொடுப்பான்.

சர்க்கார் தரப்பில் விஷயம் மெல்ல நகர்கிறது. கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்கும் பட்டியல் வகுப்பு உரிமை தர வேண்டுமென 2023 ஏப்ரல் 19-ஆம் தேதி தமிழ்நாடு சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கு முன்பே, 2022 அக்டோபரில், முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய சர்க்கார் ஒரு கமிஷன் அமைத்தது. மதம் மாறிய பின் ஒருவனது பழக்க வழக்கமும் அவன் படும் இழிவும் எவ்வளவு மாறுகின்றன என்று விசாரிப்பதும் அதன் வேலை. இரண்டு வருஷக் கெடு போதாமல் 2024-இல் அது நீட்டிக்கப்பட்டது. 1985-இல் அந்தச் செருப்புத் தொழிலாளியிடம் கோர்ட் கேட்ட ஆதாரம் இதுவேயாகும். அதைக் கொடுக்கக்கூடியவர்கள் நரிக்குடி போன்ற ஊர்களின் வாலிபர்கள். ஆனால் சர்டிபிகேட்டில் முருகனாக இருப்பவன், யோவானாகிய நான் இன்னின்ன கொடுமைக்கு ஆளானேன் என்று ஒரு கமிஷன் முன் போய் எப்படிச் சொல்வான்? ஒளிந்திருப்பவர்கள் பெருகப் பெருக, வழக்கின் சாட்சிகள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

2027-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்கு 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. 1931-க்குப் பிறகு முதன்முறையாக எல்லா ஜாதிகளையும் அதில் கேட்டு எழுதப்போகிறார்கள்; மதத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. 1948-ஆம் வருஷத்துச் சட்டப்படி அந்தப் பதில்கள் இரகசியமானவை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்கெடுப்பவரிடம் ஒருவன் சொல்வதைத் தாசில்தார் ஆபீசிலோ கோர்ட்டிலோ அவனுக்கு எதிராகக் காட்ட அச்சட்டம் இடங்கொடுக்காது.